சிறுதேர்ப் பருவம்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பிள்ளையின் பருவங்களைப் பத்தாக வகுத்தார்கள். காப்பிலே தொடங்கிச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை என நடந்து, ஈற்றிலே சிறுதேரில் வந்து நிற்கும் அந்த வகுப்பு. தேருருட்டத் தொடங்கிய பிள்ளை அதன்பின் பிள்ளையல்லன் போலும். புலவர் அவனை அவ்வளவில் விட்டுவிடுகின்றனர்.

பன்னிரு பாட்டியல் வேறொரு கணக்குச் சொல்லும். பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என ஆடவர் பருவம் அங்கே ஏழு. இவற்றுள் விடலைக்கு எல்லை முப்பது வயது. முப்பதைக் கடந்தவர் யாவரும் முதுமகனே. முப்பத்தொன்றுக்கும் எண்பதுக்கும் இடையில் அந்நூலார் வேற்றுமை காணவில்லை. இதனை வகுப்பிலே சொல்லும்போதெல்லாம் மாணவரிடையே ஒரு சிரிப்பு எழும். அவர்கள் எனது நரைத்த தலையை நோக்கியே சிரிக்கிறார்கள் என்பதை யான் அறியாதவன் அல்லேன்.

இந்த முதுமகன் தனது ஐம்பதாவது வயதிலே ஒரு சிறுதேர் வாங்கினான். 2019ஆம் ஆண்டிலே, மலைநாட்டில் ஓய்வுபெற்றிருந்த தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரிடம், 1969ஆம் ஆண்டின் மினிக் கார் ஒன்றை விலைக்கு வாங்கி, கண்டியிலிருந்து ஏ-9 வீதி வழியே ஏறத்தாழ 200 மைல் தூரம் ஓட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தான். அவ்வண்டியும் அவனும் ஒரே ஆண்டிலே பிறந்தவர்கள்.

“பண்டிதர் ஐயா, இது என்ன விளையாட்டு?” என்றார் ஆசிரியர் அறையில் ஒருவர். “வேட்டி கட்டிய ஆளுக்கு ஒரு வேன் பொருந்தும், ஒரு ஸ்கூட்டர் பொருந்தும். ஓட்டப் பந்தயத்துக் காரா பொருந்தும்?” என்றார் மற்றொருவர். வீட்டிலே மனைவியார் ஒன்றுமே சொல்லவில்லை. அதுவே பெரிய கண்டனம். அன்று சிரித்து மழுப்பினேன். இன்று விடை சொல்லலாம் என்று தோன்றுகிறது.

வண்டியின் வரலாறு

1956ஆம் ஆண்டிலே சுயெஸ் கால்வாய் நெருக்கடி மூண்டது. இங்கிலாந்திலே பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. சிறிது எண்ணெயிலே நெடுந்தூரம் செல்லக்கூடிய சிறிய கார் ஒன்று வேண்டும் என்று பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் விரும்பியது. அப்பணி அலெக் இசிகோனிஸ் என்பாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. சிமிர்னா நகரிலே 1906ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். நம்மவர் நன்கறிந்த மொறிஸ் மைனரும் அவருடைய படைப்பே.

வண்டியின் நீளம் 10 அடி மாத்திரமே. அதற்குள் நால்வர் இருக்கவேண்டும். அவர்களுடைய பெட்டிகளும் இருக்கவேண்டும். இசிகோனிஸ் செய்த தந்திரம் இதுதான்: நெடுக்காக வைக்கும் இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை இயந்திரத்தின் கீழே, எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். முன்சில்லுகளே வண்டியை இழுக்கும்படி செய்தார். 10 அங்குலச் சில்லுகளை நான்கு மூலைகளுக்கும் ஒதுக்கினார். இரும்பு வில்லுகளுக்குப் பதிலாக, அலெக்ஸ் மோல்ற்றன் என்பார் அமைத்த றப்பர்க் கூம்புகள் வண்டியைத் தாங்கின. இவ்வாறு வண்டி கொண்ட இடத்திலே ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் பொதிகளுக்கும் எஞ்சியது. ஏழு சீரிலே அறம் பொருள் இன்பங்களை அடக்கும் குறள் வெண்பாவைக் கற்ற நமக்கு இதன் அருமை எளிதிற் புலனாகும்.

1959ஆம் ஆண்டு ஆவணி 26இல் அது வெளிவந்தது. சிக்கனத்துக்காகப் பிறந்த வண்டி விரைவுக்குப் பேர்பெற்றதுதான் விந்தை. தாழ்ந்த உடலும் மூலைச் சில்லுகளும் சேர்ந்து, வளைவுகளிலே அதற்கு ஒப்பில்லாத பிடிப்பைக் கொடுத்தன. பந்தயக் கார் அமைப்பதிலே வல்லவரான ஜோன் கூப்பர் அதனைக் கண்டு கொண்டார். அவர் பெயரால் 1961இல் வந்த வலிய வகையின் வழித்தோன்றல், 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளிலே மொன்ரே கார்லோ ஓட்டத்தில் வாகை சூடியது. 1966இலும் முதல் மூன்று இடங்களுக்கு வந்தவை மினிகளே. முன்விளக்குகள் விதிக்கு மாறானவை என்று சொல்லி அவற்றை விலக்கிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டுவரை அரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.

பாலன்

இந்த வரலாறெல்லாம் பின்னர்க் கற்றவை. யான் முதலிலே அறிந்த மினி, நீர்வேலியிலே எனது அம்மானின் வாழைத் தோட்டத்துக்கருகே, கிடுகுக் கொட்டிலிலே நின்றது. அம்மான் அப்போதிக்கரியாயிருந்தவர். 1962ஆம் ஆண்டின் வண்டியை இரண்டாங் கையாக வாங்கியிருந்தார். 1975ஆம் ஆண்டளவிலே, ஆறு வயதுப் பாலனாக அதன் பின்னிருக்கையில் ஏறினேன்.

அதன் கதவை உள்ளிருந்து திறப்பதற்குக் கைபிடி இல்லை. கயிறு ஒன்று இருக்கும், அதனை இழுக்கவேண்டும். கண்ணாடிகள் கீழே இறங்கமாட்டா, பக்கவாட்டிலே தள்ளவேண்டும். இயந்திரத்தை எழுப்பும் பொத்தான் தரையிலே இருந்தது. கதவுகளிலே அகன்ற பைகள் இருந்தன. இடப்புறத்துப் பையிலே மாமியின் அருச்சனைத் தட்டம், வலப்புறத்துப் பையிலே அம்மானின் மருந்துப் போத்தல்கள்.

வேகங்காட்டி சாரதியின் முன்னே இல்லாமல், தட்டின் நட்டநடுவே பெரிய வட்டமாக இருந்தது. ஆதலால் பின்னிருக்கையிலே நின்ற எனக்கும் அது நன்றாகத் தெரிந்தது. அதிலே 90 வரை இலக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. அம்மானோ 25ஐத் தாண்டமாட்டார்.

“அம்மான், பின்னை ஏன் தொண்ணூறு எழுதியிருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருக்கு எண்டு தெரிஞ்சாக் காணும், தம்பி” என்றார்.

அந்த விடை எனக்குப் போதவில்லை. ஒரு நாள் அந்த முள்ளை 90இற் காண்பேன் என்று பாலன் தனக்குள்ளே வஞ்சினங் கூறிக்கொண்டான். உண்மையில் அவ்வண்டியால் 72 மைலுக்கு மேல் ஓட முடியாது. அதனை அறிந்திருந்தாலும் பாலன் நம்பியிருக்கமாட்டான். பிறர் பொருளைக் கண்ணாலே உடைமையாக்கிக் கொள்ளும் பருவம் அது. அந்தக் காருக்கு அம்மான் சொந்தக்காரர் என்பதை நான் ஒருபோதும் மனத்தாற் கருதியதில்லை.

விடலை

1990ஆம் ஆண்டு ஆனியிலே போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரம் போயிற்று. அந்நாள்களிலே யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயிலே ஓடின. இளந்தலைமுறையினர் இதனைக் கதை என்று எண்ணலாம். முதலிலே சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பவேண்டும். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பின்னே வெண்புகையும், நாட்கணக்கிற் போகாத ஒரு நாற்றமும் எழும். மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் அவ்வாறே திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்வந்தன.

இதிலே ஒரு கேடு உண்டு. எரியாத மண்ணெண்ணெய் உள்ளே வடிந்து, கீழே உள்ள இயந்திர எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப் போகச் செய்யும். மற்றைய கார்களிலே இதனால் இயந்திரம் மாத்திரம் கெடும். மினியிலே இயந்திரமும் கியர்ப் பெட்டியும் ஒரே எண்ணெயைக் குடிப்பவை. ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வரும். அம்மான் இதனை நன்கறிவார். ஆதலால் பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுநோ என்று யாராவது படலையிலே வந்து கூப்பிட்டாலன்றி வண்டியை எடுக்கமாட்டார். எடுத்தாலும் மெல்லவே செல்வார். இரவு பகல் என்றில்லாமல் ஊருக்கெல்லாம் அதுவே நோயாளர் வண்டி. திறப்பு எந்நேரமும் அவர் மடியிலே இருக்கும்.

1993ஆம் ஆண்டு, எனக்கு வயது 24. பாட்டியற் கணக்கிலே விடலை. ஒரு மாலை அம்மானும் மாமியும் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். திறப்பு சுவரிலே ஆணியில் தொங்கிற்று. பக்கத்திலே பெற்றோல் இருந்த சிறு மருந்துப் போத்தல்.

இயந்திரம் முதல் முயற்சியிலேயே எழுந்தது. சிறுப்பிட்டியும் புத்தூரும் ஆவரங்காலும் கடந்து வல்லை வெளிக்கு வந்தேன். வல்லை வெளியை அறிந்தவர் அறிவர். வீடில்லை, வேலியில்லை. இருபுறமும் உவர்நிலமும் நீரும், நேரே ஒரு வீதி, மேலே காற்று. மிதித்தேன். முள் 40ஐத் தாண்டிற்று, 50ஐத் தாண்டிற்று, 60ஐத் தொட்டது. வீதியை ஒட்டி இருந்துகொண்டு செல்வதால் அந்தச் சிறு வண்டியிலே 60 என்பது 90 போலத் தோன்றும். நான்கு ஆண்டுகளாகச் சைக்கிள் உழக்கி, பதுங்குகுழியிலே உறங்கி, விளக்கை மறைத்துப் படித்த ஒருவனுக்கு, அந்த இரண்டு நிமிடமும் என்னவாயிருந்தன என்று சொல்லச் சொல்லில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதிலே இருக்கிறது.

பின்னர் வேறொரு சத்தம் கேட்டது. கீழே யாரோ சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம். வண்டி நின்றது.

வெங்காயம் ஏற்றிவந்த லான்ட்மாஸ்டர் ஒன்றிலே கட்டி இழுத்து வந்தோம். அம்மான் படலையிலே நின்றார். அரிக்கன் லாம்பைப் பிடித்து, எண்ணெய்க் கோலை உருவி, இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். மணந்து பார்த்தார். “எண்ணெய் தண்ணியாய்ப் போச்சு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் அயலாருக்கு, “காருக்கு வயசு போட்டுது” என்று சொன்னார்.

தாங்கித் தகடுகள் தேய்ந்து உருகியிருந்தன. மாற்றுவதற்குப் புதியவை யாழ்ப்பாணத்திலே கிடைக்கவில்லை. 1995 தையிலே போர்நிறுத்தம் வந்தபோது, கொழும்புக்குச் சென்ற ஒருவரிடம் அம்மான் சொல்லிவிட்டார். அவை வந்து சேருமுன் சித்திரையிலே போர் மீண்டும் தொடங்கிற்று. கார் கொட்டிலிலேயே நின்றது.

அந்த இரவு

1995 ஐப்பசி 30ஆம் நாள் மாலை, வலிகாமம் முழுவதும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. செம்மணி வழியாகவும், கோப்பாய் – கைதடி வழியாகவும் இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். மழை கொட்டிற்று. மாமிக்கு முழங்காலிலே வாதம். அவரைச் சைக்கிளின் கரியரிலே இருத்தி நான் உருட்டினேன். அம்மானுக்குத் தொய்வு. அறுபத்தைந்து வயது. அவர் சைக்கிளின் பின்னே, ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஏழெட்டு மைல் வழிக்கு இரவு முழுவதும் போய், மறுநாள் நண்பகலும் ஆயிற்று.

கைதடிப் பாலத்துக்கு அண்மையிலே, ஒரு மொறிஸ் மைனர் சனங்களின் நடுவே ஊர்ந்து எங்களைக் கடந்து சென்றது. மண்ணெண்ணெய் மணம் வந்தது. அம்மான் அதனைப் பார்த்தார். பின்னர், நான் தம்மைப் பார்க்கிறேன் என்று கண்டு, கடற்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

1996 தையிலே, தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்திலே அவர் காலமானார். சித்திரையிலே நாங்கள் நீர்வேலிக்குத் திரும்பியபோது கொட்டிலிலே கார் இல்லை. தரையிலே எண்ணெய்க் கறை மாத்திரம் இருந்தது.

கார் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அந்த நெரிசலிலே கார்களும் நடைவேகத்திலேதான் சென்றன. தொய்வும் வயதும் மருந்தின்மையும் இருந்தன. இவற்றையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் நனையாமல் இருந்து போயிருப்பார் என்பதை மறுக்க முடியவில்லை.

முதுமகன்

முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதிலே அரிசி மூட்டையும் பிள்ளைகளும் விடைத்தாள்க் கட்டும் ஏறின. இல்லறத்தானின் வண்டி அவனுக்கு மாத்திரம் உரியதன்று. பாட்டியல் நூலார் அப்பருவத்துக்குத் தனிப்பெயர் வையாமல் விட்டது சரிதான் போலும்.

ஐம்பதிலே மினி வந்தது. உடல் அதனை விரும்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இருக்கை தரைக்கு அண்மையிலே இருப்பதால் உள்ளே விழுவது எளிது. வெளியே வருவதற்குத் தளை தட்டாமல் வெண்பா எழுதுவது போன்ற முயற்சி வேண்டும். றப்பர்க் கூம்புகள் வீதியின் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்கு அறிவிக்கும். இளமையிலே கைக்கெட்டாத பொருள், கைக்கெட்டிய காலத்திலே முழங்காலுக்கு எட்டவில்லை.

2022ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமற் போயிற்று. நாட்கணக்காக வரிசையிலே நின்றோம். பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தது. காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். மற்றையோர் அதனைப் போதாது என்றார்கள். எனக்கோ மிஞ்சியது. சுயெஸ் பஞ்சத்துக்கென்று பிறந்த வண்டி தன் பிறவிப் பயனை நீர்வேலியிலே காட்டிற்று. மனைவியாரின் மௌனக் கண்டனமும் அவ்வாண்டிலே நீங்கிற்று. அயலிலே யாருக்கு நோய் வந்தாலும், “பண்டிதரின்ரை காரைக் கேளுங்கோ” என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோது யான் உள்ளே போய் சற்று நேரம் தனியே இருந்தேன்.

2023ஆம் ஆண்டிலே ஒருநாள், எண்பத்துநான்கு வயதான மாமி, “தம்பி, அவரை எரிச்ச இடத்தை ஒருக்காப் பாக்கவேணும்” என்றார். அவரை முன்னிருக்கையிலே இருத்தி, கோப்பாய் – கைதடி வீதியாலே சென்றேன்.

அகநானூற்றின் நான்காம் பாட்டைக் கற்பிக்கும்போதெல்லாம் ஓரிடத்திலே நின்றுவிடுவேன். குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலம் வந்துவிட்டது. தலைவன் விரைந்து மீள்கிறான். ஆயினும், பூக்களிலே தேனுண்ணும் வண்டுகள் மணியோசைக்கு அஞ்சுமே என்று, தேர் மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைவு வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. வழியிலே உள்ள சிற்றுயிரும் கண்ணிற் படுகிறது. இளம் வயதிலே இப்பாட்டைப் பொருள் சொல்லிக் கடந்துவிடுவேன். அன்று கைதடிப் பாலத்தை 20 மைல் வேகத்திலே கடந்தபோது அது வேறு விதமாக விளங்கிற்று.

பாலத்துக்கு அப்பால் வண்டியை நிறுத்தினேன். “மாமி, அந்தக் காரை உடைச்சது நான்தான். வல்லை வெளியிலை ஓடப்போய்...” என்று தொடங்கினேன். முப்பது ஆண்டுகளாக வாய்க்குள் இருந்த சொல் அது.

மாமி நடுவிலிருந்த வேகங்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும் தம்பி. அண்டிரவே சொன்னவர்” என்றார். சற்றுப் பொறுத்து, “திறப்பை ஒருநாளும் மடியிலையிருந்து எடுக்காத மனுசன். அண்டைக்குத்தான் ஆணியிலை கொழுவிப்போட்டு வந்தவர். நான் கேட்டனான், ஏனப்பா எண்டு. ‘பொடியனுக்கு இருபத்துநாலு வயசு’ எண்டார். வேறை ஒண்டும் சொல்லேல்லை” என்றார்.

பாலத்துக் காற்று பக்கக் கண்ணாடியிலே வந்து மோதிற்று. இருவரும் பேசவில்லை. பின்னர் மாமி, “என்ன, நிண்டிட்டாய்? விடு” என்றார்.

ஆசிரியர் அறை நண்பர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான். சிறு வண்டி ஒன்றைப் பாலன் கண்ணாலே உடைமை கொள்கிறான். விடலை காலாலே மிதித்து உடைமை கொள்கிறான். முதுமகனுக்கு அது ஒரு கடன். பெற்றவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாத கடனாதலால், பின்னே வருபவருக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

எனது மகளுக்கு இப்போது 22 வயது. சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று ஆறு மாதமாகிறது. “அப்பா, வல்லை வெளி எப்பிடி இருக்கும்?” என்று சென்ற கிழமை கேட்டாள். நேற்றுக் காலை எண்ணெய்க் கோலை உருவி, விரலிலே தேய்த்துப் பார்த்தேன். நல்ல தடிப்பாக இருந்தது. திறப்பை ஆணியிலே கொழுவிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு நடந்தே சென்றேன்.